வேலையின்மை 3.2% தான்னா, வேலை எங்கேங்க?

பதிவு கொஞ்சம் நீளம். ஆனா இந்த ஒரு விஷயத்தை ரீல்ஸ்ல சொல்ல முடியாது, பொறுமையா படிங்க.

பா.ஜ.க. நண்பர்கள் எந்த குரூப்பில் வேலைவாய்ப்பு பற்றிப் பேச்சு வந்தாலும் ஒரே கார்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 2017-18இல் வேலையின்மை 6%. 2023-24இல் 3.2%. ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிட்டோம், இதுக்கு மேல என்ன வேணும் என்கிறார்கள்.

நம்ம பசங்க நிறைய பேர் அதுக்குக் கீழே "பொய்க் கணக்கு"ன்னு கமெண்ட் போடுறீங்க. தயவுசெய்து அப்படிப் போடாதீங்க. அந்த எண் பொய் இல்லை. ஒன்றிய அரசின் புள்ளியியல் அமைச்சகம் நடத்தும் காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பில் இருந்து எடுத்த எண். 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 2017-18இல் 6.0, அடுத்து 5.8, 4.8, 4.2, 4.1, அப்புறம் இரண்டு ஆண்டுகள் 3.2. வரிசையாக இறங்கியிருக்கிறது, உண்மைதான். "பொய்"னு சொன்னா அவங்க லிங்க் போட்டு உங்க வாயை அடைச்சிட்டுப் போயிடுவாங்க. நாம கேட்க வேண்டிய கேள்வி வேற. அந்த 3.2க்கு வெளியே "வேலையில் இருக்கிறார்" என்று யாரையெல்லாம் சேர்த்திருக்கிறார்கள்?

அதே கணக்கெடுப்பு, அதே அறிக்கை, நாலு பக்கம் தள்ளிப் போனால் பதில் இருக்கு.

வேலையில் இருப்பவர்களை அதில் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். மாதச் சம்பளக்காரர்கள், அன்றாடக் கூலிகள், சுயதொழில் செய்வோர். 2017-18இல் சுயதொழில் 52.2%. 2023-24இல் 58.4%. இதைத்தான் "இளைஞர்கள் வேலை தேடுவதில்லை, வேலை கொடுப்பவர்களாக மாறிவிட்டார்கள்" என்று மேடையில் பேசுகிறார்கள். ஸ்டார்ட்அப் இந்தியா, முத்ரா, அது இதுன்னு.

சரி, அந்த சுயதொழிலுக்குள்ளேயும் இரண்டு பிரிவு இருக்கு. ஒன்று, சொந்தமாகக் கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், நிலம் வைத்திருப்பவர், ஆள் வைத்து வேலை வாங்கும் முதலாளி. இவர்கள் 2017-18இல் 38.6%. 2023-24இல் 39.0%. ஆறு வருஷத்தில் அரை சதவீதம்கூட ஏறலை.

இரண்டாவது பிரிவுக்கு அறிக்கையில் பேர் "குடும்பத் தொழிலில் உதவியாளர்". நம்ம பாஷையில் சொன்னா, அப்பா கடையில், புருஷன் கடையில், வீட்டு வயலில் சம்பளம் இல்லாமல் வேலை பார்ப்பவர்கள். இவர்கள் 13.6%இல் இருந்து 19.4% ஆகியிருக்கிறார்கள்.

கால்குலேட்டர் எடுங்க. சுயதொழிலின் பங்கு மொத்தம் ஏறியது 6.2 புள்ளி. அதில் 5.8 புள்ளி சம்பளமே வாங்காத ஆட்கள். இவர்கள் பெருமையடிக்கும் "தொழில்முனைவோர் புரட்சி" இதுதாங்க. கல்லாப்பெட்டிப் பக்கமே போக முடியாத தொழில்முனைவோர்.

இந்தியாவில் வேலையில் இருப்பதாகக் கணக்கு காட்டப்படும் ஐந்து பேரில் ஒருவருக்கு சம்பளம் என்று ஒன்று கிடையாது. இதை அந்த கார்டில் போடுவாங்களா?

இங்க ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன், இல்லைன்னா அவங்க திரிச்சிடுவாங்க. காலையில் நாலு மணிக்கு எழுந்து வடைக்கு மாவு ஆட்டி, டீக்கடைக்குப் பால் காய்ச்சி, பத்து மணி வரை பாத்திரம் கழுவும் அம்மாவின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அது உழைப்புதான், சம்பளக்காரனை விட அதிக உழைப்பு. ஆனால் அந்த உழைப்பை இந்த அரசு கொடுத்த "வேலைவாய்ப்பு" என்று எழுதிக்கொள்ள இவர்களுக்கு என்ன உரிமை இருக்கு? கடை அவங்க மாமனார் வெச்சது. மாவு ஆட்டுறது அவங்க கை. இதில் டெல்லி எங்கே வந்தது?

பெண்கள் பற்றிய எண்களைப் பார்த்தால் இன்னும் கோபம் வரும். வேலைக்கு வரும் பெண்களின் விகிதம் 23.3%இல் இருந்து 41.7% ஆகிவிட்டது என்று பெரிய விளம்பரம். ஏறியது உண்மை. ஆனால் வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் கணக்கில் வருபவர்கள் 51.9%இல் இருந்து 67.4% ஆகிவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 36.7%, சம்பளமில்லா குடும்ப உதவியாளர்கள். வேலை கிடைச்சதால வீட்டை விட்டு வெளியே வந்தாங்களா, இல்லை வீட்டுக்காரர் சம்பாத்தியம் பத்தாம தோட்டத்துக்கும் கடைக்கும் இறங்கினாங்களா?

யூகத்துக்கு அவசியமே இல்லை. ஒன்றிய அரசே பதில் எழுதியிருக்கிறது. 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையில் விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டு உண்மையான மாத வருமானம் எவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கு. சுயதொழில் செய்யும் பெண்ணுக்கு 2017-18இல் 4,348 ரூபாய். 2023-24இல் 2,950 ரூபாய். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயே போச்சு. சுயதொழில் செய்யும் ஆணுக்கு 9,454இல் இருந்து 8,591. மாதச் சம்பளம் வாங்கும் ஆணுக்கு 12,665இல் இருந்து 11,858. சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு 10,116இல் இருந்து 8,855. அன்றாடக் கூலிக்கு மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கு, ஆணுக்கு நாளுக்கு 203இல் இருந்து 242. அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

வேலைக்கு உண்மையிலேயே ஆள் தேவை அதிகமாகி, அதனால் வேலையின்மை பாதியாகக் குறைந்திருந்தால் சம்பளம் ஏறணும். இது பொருளாதாரம் படிச்சாத்தான் தெரியும்னு இல்லை. கொத்தனார் கிடைக்காத ஊரில் கொத்தனார் கூலி ஏறும். அவ்வளவுதான் லாஜிக். இங்கே வேலையின்மையும் குறையுதாம், சம்பளமும் குறையுதாம். அதே ஆய்வறிக்கை, கம்பெனிகளின் லாபம் 15 ஆண்டுகளில் இல்லாத உச்சத்தைத் தொட்டது என்றும் சொல்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாங்க, அவங்க அறிக்கையே தட்டுல எட்டிப் பார்க்குது.

அடுத்து, "வேலையில் இருப்பவர்" என்பதற்கு இலக்கணம் என்ன? இது நம்ம ஆட்கள் நிறைய பேருக்குத் தெரியாது. அந்த 3.2% வரும் கணக்கில், கடந்த 365 நாட்களில் ஏதாவது ஒரு பொருளாதார வேலையை 30 நாள் செய்திருந்தால் போதும், நீங்கள் வேலையில் இருப்பவர். பதினோரு மாசம் ரெஸ்யூமே அனுப்பிவிட்டு, ஒரு மாசம் மாமா கடையில் பில் போட்டாலும் நீங்கள் வேலையில்லாதவர் பட்டியலில் வரமாட்டீர்கள். வாராந்திரக் கணக்கு என்று இன்னொன்று இருக்கு. அதில் கடந்த ஏழு நாளில் ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும்.

இந்த ஒரு மணி நேரக் கணக்கு உலகம் முழுக்க இருப்பதுதான், இவர்கள் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் சம்பளக்காரர்கள் பெரும்பான்மையாக இருக்கும் நாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். அங்கே வேலை போனால் அரசு உதவித்தொகை கொடுக்கும், அவன் வீட்டில் உட்கார்ந்து தேடலாம். நம்ம ஊரில் வேலை போனவன் மறுநாள் ஸ்விக்கி பேக் மாட்டிக்கிட்டு கிளம்பணும். சும்மா இருக்க வசதி இல்லை. அதனால்தான் ஏழை நாட்டில் வேலையின்மை விகிதம் குறைவாகத் தெரியும்.

2018 ஜனவரியில் பிரதமர் ஒரு டி.வி. பேட்டியில் பக்கோடா விற்று ஒருவர் 200 ரூபாய் சம்பாதித்தால் அது வேலைவாய்ப்பு இல்லையா என்று கேட்டார். நாமெல்லாம் மீம் போட்டுச் சிரிச்சோம். அது வாய் தவறி வந்ததுன்னு நினைச்சோம். இல்லைங்க, அதுதான் கொள்கை.

இந்தக் கணக்கெடுப்பின் பூர்வீகத்தையும் இளம் தோழர்கள் தெரிஞ்சுக்கணும். 2017-18க்கான முதல் அறிக்கை தயாரானபோது வேலையின்மை 6.1% என்று வந்தது. 45 ஆண்டுகளில் இல்லாத அளவு. 2019 தேர்தல் நேரம். அறிக்கை வெளியே வரவில்லை. தேசிய புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் 2019 ஜனவரியில் ராஜினாமா செய்துவிட்டுப் போனார்கள். அதன்பிறகு ஒரு ஆங்கிலப் பத்திரிகை அறிக்கையைக் கசியவிட்டது. "அது வெறும் வரைவு, இறுதி அறிக்கை இல்லை" என்றது அரசு. தேர்தல் முடிந்து, புதிய அமைச்சரவை பதவியேற்ற மறுநாள், மே 31ஆம் தேதி, அதே 6.1%ஐ அதிகாரப்பூர்வமாக வெளியிட்டார்கள். எண் அதிகமா வந்தா பீரோவுக்குள்ள, குறைவா வந்தா கார்டுல.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். படித்தவர்கள்.

15 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் வேலையின்மை 2023-24இல் 10.2%. மொத்த சராசரியைப் போல மூன்று மடங்கு. 2025இல் இருந்து மாதாமாதம் எண் வெளியிடுகிறார்கள். வாராந்திர முறையில் எடுத்த 2025 ஏப்ரல் கணக்கில் மொத்தம் 5.1%, இளைஞர்கள் 13.8%.

சர்வதேச தொழிலாளர் அமைப்பும் டெல்லியில் உள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024 மார்ச்சில் ஒரு அறிக்கை விட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடம் வேலையின்மை 3.4%. பட்டதாரி இளைஞர்களிடம் 29.1%. ஏறக்குறைய ஒன்பது மடங்கு. நாட்டில் வேலையில்லாதவர்களில் 83% பேர் இளைஞர்கள். படி, படிச்சாத்தான் முன்னேறலாம்னு சொல்லி நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைத்த குடும்பங்களுக்கு இந்த நாடு கொடுத்த பதில் இந்த 29.1.

அந்த அறிக்கையை வெளியிட்ட மேடையிலேயே ஒன்றிய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அனந்த நாகேஸ்வரன், வேலையின்மை போன்ற எல்லாப் பிரச்சினைகளையும் அரசு தலையிட்டுத் தீர்த்துவிடும் என்று நினைப்பது சரியல்ல என்கிற மாதிரி பேசினார். நல்லது சார். அப்போ வேலையின்மை குறைந்ததுக்கு மட்டும் எதுக்கு சார் அரசு போஸ்டர் அடிக்குது?

தனியாரில் பார்த்துக்கலாம்னா, ஐ.டி. கம்பெனிகளில் புதிதாகச் சேரும் இன்ஜினியருக்கு பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடியும் ஆண்டுக்கு மூணு, மூணேகால் லட்சம். இப்பவும் மூணரை லட்சம். இடையில் ரூம் வாடகையும் மெஸ் சாப்பாடும் எத்தனை மடங்கு ஆச்சுன்னு சென்னையில் ஷேரிங்கில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கே காலேஜ் முடிக்கும்போது கையில் ஆஃபர் லெட்டர் இருந்தது. ஆன்போர்டிங் தேதி மட்டும் ஒன்பது மாசம் தள்ளிக்கிட்டே போச்சு, கடைசியில் மெயிலுக்கு பதில் வருவதே நின்னு போச்சு. கம்பெனி பேர் வேண்டாம். அந்த ஒன்பது மாசத்தில் அப்பாவோட ஹார்டுவேர் கடையில் பில் போட்டேன். அரசுக் கணக்கில் நான் வேலையில் இருந்தேன். இதைப் படிக்கிற உங்கள்ல எத்தனை பேருக்கு இதே கதைன்னு எனக்குத் தெரியும், இன்பாக்ஸ் சொல்லுது.

2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2%, அதாவது 12,000க்கு மேற்பட்டவர்களைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. நாட்டின் மிகப்பெரிய ஐ.டி. கம்பெனியே இப்படி என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அரசு வேலை? 2022 ஜூலையில் ஒன்றிய அமைச்சர் ஜிதேந்திர சிங் மக்களவையில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்த பதில் இது: எட்டு ஆண்டுகளில் ஒன்றிய அரசு வேலைக்கு வந்த விண்ணப்பங்கள் 22.05 கோடி. பரிந்துரை செய்யப்பட்டவர்கள் 7.22 லட்சம். 305 விண்ணப்பத்துக்கு ஒரு வேலை. ஆள் தேவைப்படாததால் எடுக்கலைன்னு நினைச்சுடாதீங்க. 2021 மார்ச் 1ஆம் தேதி நிலவரப்படி அனுமதிக்கப்பட்ட 40.35 லட்சம் இடங்களில் 9.79 லட்சம் காலி. நாலு நாற்காலியில் ஒன்று காலி. பிறகு ரோஜ்கார் மேளா என்று மேடை போட்டு, வழக்கமாக தபாலில் வரும் பணி ஆணையைப் பிரதமர் காணொளியில் கொடுக்கும் நிகழ்ச்சியாக மாற்றினார்கள். ராணுவத்துக்கு அக்னிபத். நாலு வருஷம் வேலை, அதில் 25% பேரை மட்டும் வைத்துக்கொள்வார்கள், மிச்ச 75% பேர் இருபத்தைந்து வயசுக்குள்ளேயே முன்னாள் அக்னிவீரர்கள்.

இனி மாநிலங்களுக்கு வருவோம். இந்த 3.2ஐ மாநிலவாரியாகப் பிரித்தால்தான் வேடிக்கை.

2023-24 கணக்குப்படி மத்தியப் பிரதேசத்தில் வேலையின்மை 1.0%. குஜராத் 1.1%. ஜார்க்கண்ட் 1.3%. பீகார் 3.0%. தமிழ்நாடு 3.5%. கேரளா 7.2%. கேரள இளைஞர்களில் 29.9%, மத்தியப் பிரதேச இளைஞர்களில் வெறும் 2.6%.

இதை வைத்து "பாருங்க, எங்க மாநிலங்களில் எல்லாருக்கும் வேலை இருக்கு, உங்க திராவிட மாடலும் கேரளா மாடலும் ஃபெயில்" என்று கார்டு போட்டார்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஜார்க்கண்டில் நூறு பேரில் ஒருவருக்குத்தான் வேலை இல்லைன்னா, தன்பாத்தில் இருந்து கிளம்பும் ஆலப்புழா எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறை வாசல் வரை நெருக்கிக்கொண்டு நிற்பது யாரு? ரெண்டு நாள் அப்படியே நின்னுக்கிட்டு வந்து ஈரோட்டிலும் திருப்பூரிலும் கோவையிலும் இறங்குறது சுற்றுலாவுக்கா? பனியன் கம்பெனியில் சிங்கர் மெஷினில் பன்னிரண்டு மணி நேரம் உட்காரும் அந்தத் தம்பிக்கு அவன் ஊரில் வேலை இருந்திருந்தா இங்க எதுக்கு வரப்போறான்?

அவனை நாம் குறை சொல்லவில்லை. "வடக்கன்" மீம் போடும் தோழர்கள் இதைக் கொஞ்சம் கவனிங்க. அவன் நம்ம வேலையைப் பறிக்க வரலை. அவன் ஊர் அரசு அவனைக் கைவிட்டது, நம்ம ஊர் முதலாளி அவனைக் குறைந்த கூலிக்குப் பிடித்துக்கொண்டான். கோபம் போக வேண்டிய முகவரி இந்த இரண்டும்தான்.

ஒரு சதவீதம் என்பதன் அர்த்தம் இப்போ புரிஞ்சிருக்கும். அங்கே படித்துவிட்டுக் காத்திருக்க வசதியும் இல்லை, காத்திருந்தால் கிடைக்கும் என்கிற நம்பிக்கையும் இல்லை. இரண்டு ஏக்கரில் அண்ணன் தம்பி நாலு பேர் இறங்கினால் நாலு பேருமே "வேலையில்" இருப்பவர்கள். கேரளாவில் டிகிரி முடித்த பெண் டிகிரிக்கு ஏத்த வேலை வரும்னு காத்திருக்கிறாள், அவள் வேலையில்லாதவள் பட்டியலில் வருகிறாள். கேரளாவுக்குப் பிரச்சினை இல்லைன்னு சொல்லலை, இருக்கு, பெரிய பிரச்சினை. ஆனால் 1%ஐ வெற்றி என்றும் 7%ஐ தோல்வி என்றும் படிப்பவனுக்கு வாழ்க்கையும் தெரியலை, கணக்கும் தெரியலை.

நாட்டு அளவில் பாருங்க. வேலை செய்வோரில் விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு 2017-18இல் 44.1%. 2023-24இல் 46.1%. வளரும் எந்த நாட்டிலும் ஆட்கள் வயலில் இருந்து ஆலைக்குப் போவார்கள். இங்கே ஆலையில் இருந்து வயலுக்குத் திரும்பியிருக்கிறார்கள். கொரோனாவில் நடந்தே ஊர் போனவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். உற்பத்தித் துறையின் பங்கு 12.1%இல் இருந்து 11.4%. மேக் இன் இந்தியா சிங்கம் லோகோ நல்லா இருந்துச்சு, மறுக்கலை.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் வேறு பாதை. நாட்டின் ஆலைத் தொழிலாளர்களில் சுமார் 15% பேர் இங்கே, எந்த மாநிலத்தை விடவும் அதிகம். நாட்டிலேயே ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40%க்கு மேல் நம் மாநிலத்தில். மாதச் சம்பளக்காரர்களின் பங்கும் நாட்டுச் சராசரியை விட இங்கே அதிகம். ஸ்ரீபெரும்புதூரும் ஓசூரும் கோவையும் சும்மா வந்துவிடவில்லை. ஐம்பது அறுபது வருஷத்து பள்ளிக்கூடம், சத்துணவு, சிப்காட், பஸ் ரூட், பெண் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பலாம் என்று சமூகத்தில் வந்த மாற்றம், எல்லாம் சேர்ந்து வந்தது. இதில் எந்த ஒரு ஆட்சிக்கும் தனி உரிமை இல்லை.

ஆனால் அதைச் சொல்லி மாநில அரசைத் தப்ப விடப் போவதில்லை. இது ஆளுங்கட்சிக்கு ஜால்ரா தட்டும் பேஜ் இல்லை.

ஆலையில் சேருகிற தம்பி தங்கைகள் என்ன வேலையில் சேருகிறார்கள்? நாடு முழுக்க ஆலைத் தொழிலாளர்களில் பத்துக்கு நாலு பேர் இப்போது ஒப்பந்தத் தொழிலாளர்கள். நம்ம ஊரிலும் கான்ட்ராக்ட், அப்ரண்டிஸ், டிரெய்னி என்று விதவிதமாகப் பேர் வைத்து நிரந்தரம் என்ற வார்த்தையையே எடுத்துவிட்டார்கள். 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதற்கு? சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்கச் சொல்லி. சட்டம் ஏற்கெனவே கொடுத்த உரிமையைக் கேட்டு 37 நாள். போராட்டப் பந்தலைப் பிரித்தது யார் போலீஸ்? அந்தச் சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்தான். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடியபோதும், 2022இல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை நின்றபோதும் தெருவில் நின்ற குடும்பங்களை இந்த மாவட்டங்கள் மறக்கவில்லை. எத்தனை ஆயிரம் கோடிக்கு ஒப்பந்தம் போட்டோம் என்று விளம்பரம் வருகிறது. எத்தனை பேருக்கு நிரந்தர ஆணை கொடுத்தார்கள் என்ற விளம்பரத்தை நான் இன்னும் பார்க்கலை.

குரூப் 4 எழுதுறவங்க இந்தப் பேஜில் ஆயிரக்கணக்கில் இருக்கீங்க. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் எண்ணைப் பதிவு பண்ணி வைப்போம். 2022 அறிவிப்பில் 7,301 இடம், விண்ணப்பம் 22 லட்சம். 2024இல் 6,244 இடம், விண்ணப்பம் 20 லட்சத்துக்கு மேல். 2025இல் 3,935 இடம், விண்ணப்பம் 13.89 லட்சம். விண்ணப்பம் குறைஞ்சிடுச்சு, எல்லாரும் தனியாரில் செட்டில் ஆகிட்டாங்கன்னு ஆளுங்கட்சி நண்பர்கள் சொல்றாங்க. அண்ணே, இடமே பாதிக்குக் கிட்டக் குறைஞ்சிருச்சு. ஒரு இடத்துக்கு 2022இல் 301 பேர் போட்டி, 2025இல் 353 பேர். அறிவிப்புக்குப் பிறகு இடங்களைக் கொஞ்சம் கூட்டுவார்கள், வாஸ்தவம். ஒவ்வொரு முறையும் கூட்டுவதை ஏன் முதலிலேயே அறிவிக்கக்கூடாது? யானைப் பசிக்குச் சோளப்பொரியை ரெண்டு தவணையில் போட்டா பசி அடங்கிடுமா?

பத்தாம் வகுப்பு தகுதி கேட்கும் கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் வேலைக்கு பி.இ., எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்தவர்கள் எழுதுகிறார்கள். லைப்ரரியில் காலையில் இடம் பிடிக்கப் பையைப் போட்டுவிட்டுப் போகும் அக்கா, அண்ணன்களைப் பாருங்க. முப்பது வயசாகியும் "படிச்சுக்கிட்டு இருக்கேன்"னு சொல்ல வேண்டிய நிலை. 2021 தேர்தல் அறிக்கையில் 3.5 லட்சம் காலிப் பணியிடங்களை நிரப்புவோம் என்று தி.மு.க. எழுதிக் கொடுத்தது. அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் நம்மகிட்ட பத்திரமா இருக்கு. எந்தத் துறையில் எத்தனை நிரந்தரப் பணி, எத்தனை தொகுப்பூதியம், எத்தனை அவுட்சோர்சிங் என்று துறைவாரியாக ஒரு வெள்ளை அறிக்கை கொடுக்க என்ன தயக்கம்?

கடைசியா, 17 கோடி. ஒன்றிய தொழிலாளர் அமைச்சர் மாண்டவியா 2025 ஜனவரியில், பத்து ஆண்டுகளில் 17 கோடிக்கும் மேல் வேலைகள் உருவாக்கினோம் என்றார். ரிசர்வ் வங்கியின் தரவு என்று பெரிய முத்திரை வேறு. அந்தத் தரவின் அடிப்படையும் இதே மாதிரிக் கணக்கெடுப்புகள்தான். ரிசர்வ் வங்கி ஆட்களை அனுப்பி வீடு வீடாக எண்ணவில்லை. ஆகவே அந்த 17 கோடிக்குள்ளேயும் நம்ம வடை மாவு அம்மா இருக்காங்க, ரெண்டு ஏக்கரில் நாலாவது தம்பி இருக்கான், ஒன்பது மாசம் பில் போட்ட நானும் இருக்கேன்.

அடுத்த முறை அந்த கார்டு உங்க குரூப்பில் வந்தால் திட்டாதீங்க, கெட்ட வார்த்தை வேண்டாம், பேஜுக்குத்தான் கெட்ட பேர். மூணு கேள்வி மட்டும் ரிப்ளையில் போடுங்க. இதில் சம்பளம் வாங்காதவர்கள் எத்தனை பேர்? சம்பளம் வாங்குபவர்களின் சம்பளம் விலைவாசிக்கு ஏற்ப ஏறியதா? விவசாயத்துக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர்? பதில் 19.4, இல்லை, 46.1. அவங்க அறிக்கையிலேயே இருக்கு, பக்கத்தைத் தேடிப் போடட்டும்.

நம்ம கோரிக்கைகள் இதுதான். ஒன்றிய அரசு வேலைவாய்ப்பு எண்ணை அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் சம்பளமில்லாதவர்களின் எண்ணிக்கையை அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போட வேண்டும். காலியிடங்களுக்குத் தேதியோடு கூடிய ஆள்சேர்ப்பு அட்டவணையை ஒன்றிய அரசும் மாநில அரசும் வெளியிட வேண்டும். நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் ஒப்பந்த ஆட்களை வைக்கும் கம்பெனிக்கு சிப்காட் நிலமும் மானியமும் கிடையாது என்று தமிழ்நாடு அரசு அறிவிக்க வேண்டும்.

டிகிரி முடிச்ச வருஷம், படிப்பு, இப்போ பார்க்கிற வேலை, கையில் வாங்கும் சம்பளம், இந்த நாலையும் கமெண்ட்டில் எழுதுங்க. பேர், ஊர் வேண்டாம். எல்லாத்தையும் தொகுத்து மாவட்ட வாரியா அடுத்த பதிவில் போடுறோம்.

#வேலை_எங்கே #சம்பளம்_எங்கே

தகவல் தொழில்நுட்ப அணி